ஆமைக்குப் பின்னால் ஒரு குரல்

மார்ச் 4, செவ்வாய்

ஆற்றுப் பாலத்தில் சரக்கு ரயில் கவிழ்ந்து, சர்க்கரை மூட்டையெல்லாம் தண்ணீரில் கரைந்து, கரையோரத்து நாய்கள் ஆற்றையே நக்கிக்கொண்டிருந்த வருடம். பேருந்துகளில் பெண்களுக்குத் தனிக் கதவு வைத்து, மழைக்காலம் வருவதற்குள் அதை அடைத்தும் விட்ட வருடம். என் மகளுக்கு முன்பல் விழுந்த வருடம். அந்த வருடம்தான் நான் ஆமையாகப் பேசினேன். வருடத்துக்கு எண் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இதை இன்று பல் டாக்டரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கீழ்த்தாடைக்குப் பல்செட் அளவெடுக்கப் போயிருந்தேன். நாற்காலியில் ஏறும்போது, "பொறுங்கம்மா, நான் மெதுவாகத்தான் உட்காருவேன்" என்றேன். அந்த அம்மாள் கையுறையைப் பாதி மாட்டியபடி நின்றுவிட்டார்.

"ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"எதையாவது."

"எதையாவது என்றால் என்ன சொல்வது?"

"ஐயோ! நீங்க ஆமை! நீங்கதான் அந்த ஆமை!"

வெளியே காத்திருந்தவர்கள் டாக்டர் என்னைத் திட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இப்படித் தினமும் நடந்ததைச் சொல்லி வைக்கச் சொல்லி மகள் போனில் ஏதோ வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும், தேதியும் அதுவே போட்டுக்கொள்ளும். அவள் அம்மா போய் நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் வீட்டில் வாய் திறப்பதில்லையாம். "எங்ககிட்ட பேச வேணாம்பா. இதுகிட்டயாவது பேசுங்க" என்றாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதுகிற மாதிரிப் பேச வரும். அது ஆமையால் வந்தது. ஆமை ஒருநாளும் கொச்சையாகப் பேசாது.

மார்ச் 5, புதன்

மனைவி போனதற்கு நான் அழவில்லை. அழக் கூடாது என்று இல்லை. வரவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

பல் டாக்டர் மதியத்தோடு நோயாளிகளை அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்துக்கொண்டார். ஒரு கணக்கு வாத்தியாரும் வந்திருந்தார். இவர்கள் ஒரு குழுவாம். சின்ன வயதில் தொலைக்காட்சியில் 'ஆமைத்தீவுப் பயணம்' பார்த்தவர்கள். நாற்பத்தைந்து வயதிலும் அதைப் பற்றியே போனில் பேசிக்கொள்கிறார்கள்.

கதை எனக்கு மறக்கவில்லை. ஒரு வசனம் கூட மறக்கவில்லை. அக்காவும் தம்பியும் சின்னப் படகில் போகிறார்கள். அம்மா கடலில் மூழ்கிப் போனவள். அப்பா ஏதோ ஒரு தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வழி தெரிந்தது கிழட்டு ஆமை ஒன்றுக்குத்தான். வேறு நாட்டில் வரைந்த பொம்மைப் படம். எங்கள் குரலை அதன்மேல் ஏற்றினார்கள்.

இவர்களுக்குக் கதை போதவில்லை. கதைக்குள் இன்னொரு கதை இருக்கிறதாம். ஆமை ஏன் எப்போதும் "சரி, சரி" என்று இரண்டு தரம் சொல்கிறது? ஆமைக்குள் இரண்டு உயிர் இருக்கிறது என்கிறார் வாத்தியார்.

"படத்தில் ஆமையின் வாய் நீளமாக அசையும். நம் பேச்சு சின்னது. மீதி இடத்துக்கு 'சரி, சரி' போடு என்றார் டைரக்டர்" என்றேன்.

வாத்தியார் முகம் பேதி மருந்து குடித்தவர் மாதிரி ஆனது. "ஐயா, அதை வெச்சு நான் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன்."

"பனித்தீவுல ஆமை பாதி பேச்சுல நிறுத்திடுமே? அம்மா ஞாபகம் வந்துதானே?" இது டாக்டர்.

"மின்சாரம் போய்விட்டது."

பிறகு டாக்டர் சிரித்தார். "நீங்க சொல்றது காரணம் ஐயா. நாங்க சொல்றது அர்த்தம். ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்."

மரியாதையாகத்தான் சொன்னார். இனிமேல் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

மருமகன் காலையிலிருந்து என்னை "வாங்க ஆமை" என்கிறார். மகள் அவரை முறைத்தாள். எனக்குக் கோபமில்லை. சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பல்செட் வந்தது. வாய் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

மார்ச் 12, புதன்

நான் எப்படி ஆமையானேன் என்று டாக்டர் கேட்டதற்கு நேற்று பல்லோடு பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒலிப்பதிவுக் கட்டடத்தில் நான் வாட்ச்மேன். ஆமைக்குப் பேச வந்த நடிகருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கழுத்தும் கன்னமும் ஒன்றாகிவிட்டது. டைரக்டர் வாசலில் நின்று சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் சுருட்டு என்றே சொல்வோம். நான் ஒரு வண்டிக்காரனிடம், "மெதுவா வாய்யா, கேட் எங்கயும் ஓடிப் போகாது" என்று சத்தம் போட்டேன். சுருட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

கையில் காகிதம் கொடுத்தார்கள். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். இதிலும் தெரியவில்லை என்றேன். வேறு கண்ணாடி வாங்கினார்கள். அதற்கு மேல் எனக்கே வெட்கமாகிப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். "அடப்பாவி, இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. கண்ணாடிக் கடைக்காரன் பொழச்சான்" என்றார்.

யாராவது காதில் சொல்லிக் கொடுத்தால் அப்படியே சொல்லிவிடுவேன். ஒரு தரம் கேட்டால் போதும். வசனம் எழுதியவர் சொல்ல வந்தார். அவருக்கு வெங்காய வாடை, நான் தவறினால் ஒரு சிரிப்பு வேறு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் கொண்டு வருகிறேன் என்றேன்.

யாரைக் கொண்டு வந்தேன் என்பதை இன்று சொல்ல வேண்டாம்.

மார்ச் 15, சனி

டாக்டர் வீட்டில் வாத்தியார் மடியில் கணினியோடு இருந்தார். "ஐயா, இதுவரைக்கும் வெளிய யாருக்கும் போட்டுக் காட்டல. உங்களுக்குத்தான் முதல்ல" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினார். பாட்டு, அலைச்சத்தம் எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டாராம்.

ஒரு பெண் குரல். மூச்சுக்கு மேல், பேச்சுக்குக் கீழே. "கடல் யாருக்கும் சொந்தமில்லை, குழந்தைகளே." உடனே என் குரல், அதே வசனம்.

இன்னொன்று போட்டார். இன்னொன்று. எல்லாவற்றிலும் அவள் முதலில், நான் பிறகு.

"செத்துப்போன அம்மா" என்றார் டாக்டர். அவர் கண் கலங்கியிருந்தது. "ஆமை பேசல ஐயா. அம்மாதான் ஆமை வாயால பேசறா. பிள்ளைங்களை விட்டுப் போக மனசு வராம."

"கிடையவே கிடையாது" என்றார் வாத்தியார். "ஆமை ஒன்பதாவது கதையிலயே செத்துப் போச்சு. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் கடலோட ஞாபகம். குரல் கடலோட குரல்."

"கடல் எங்கயாவது கிசுகிசுன்னு பேசுமா?"

"ஆமை பேசலாம், கடல் பேசக் கூடாதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இது யார் ஐயா?

தெரியாது என்றேன். பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் திரும்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

அது என் மனைவியின் தங்கை.

என் மனைவிக்கும் எழுத்து தெரியாது. அம்மா இல்லாத வீட்டில் தங்கையை வளர்க்க அவள் பள்ளியை விட்டாள். தங்கையைப் படிக்க வைத்தாள். கல்யாணமாகி வரும்போது தங்கையையும் கூடவே கூட்டி வந்தாள். ஒரு துணி வியாபாரியின் கணக்கு அறையில் வேலைக்கும் சொல்லி வைத்தாள். ஒலிப்பதிவு, நடிப்பு என்றால் அவளுக்கு ஆகாது. கல்யாணமாகாத பெண் மிதிக்கிற இடமா அது, வாட்ச்மேன் உத்தியோகம் வாசலோடு போகட்டும் என்பாள்.

எனக்குச் சிரிக்காத ஆள் வேண்டியிருந்தது. தங்கைக்குக் கணக்கு அறை பிடிக்கவில்லை. இருவரும் பேசி முடிவு பண்ணினோம். அவள் கணக்கு அறைக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். நான் கேட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவேன். ஒரே பேருந்து. அவள் பெண்கள் கதவில் ஏறுவாள், நான் மற்றதில். வேறு ஒன்றும் இல்லை. இதை நான் பலருக்கும் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது, ஆகவே இங்கேயும் சொல்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்போது இருபது வயது. என்னை மாமா என்பாள். வசனம் நன்றாக வந்தால் என் தோளில் ஒரு தட்டு தட்டுவாள்.

வலது காதில் ஹெட்போன். அதில் வேறு மொழியில் ஆமை பேசும். இடது காது அவளுக்கு. அவள் சொல்லி முடித்ததும் நான் சொல்வேன். அவள் சொன்ன இடத்தைச் சவுண்டுக்காரர் பிறகு வெட்டி எடுத்துவிடுவார். வேலை நெருக்கடியில் சில இடங்களை வெட்டாமல் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டார் போல. யார் காதுக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்திருப்பார்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு காதுக்குக் கேட்டது.

எல்லாம் பதிந்து முடித்து, அப்புறம்தான் தொலைக்காட்சியில் வாரம் ஒன்றாகப் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெட்டியில் பார்ப்போம். மனைவி பொத்தான் தைக்கிற சட்டைகளையும் எடுத்துக்கொண்டு வருவாள். நான் ஆமை என்பதில் அவளுக்குப் பெருமை. காவல்காரன் குரலை யாரோ கேட்டு எடுத்துக்கொண்டார்கள், நல்லதுதானே என்றிருந்தாள். படிக்கத் தெரியாத நான் எப்படிப் பேசினேன் என்று கேட்டபோது, அங்கே ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தார்கள் என்றிருந்தேன்.

நான்காவது வாரம். ஆமை பேசிக்கொண்டிருக்கிறது. ஊசியைச் சட்டையில் குத்தியபடியே நிறுத்தினாள்.

"இது என் தங்கச்சி."

"எது?"

"இப்ப பேசினது."

"அது ஆமை."

"ஆமைக்குப் பின்னாடி."

ஊரில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வாத்தியார் கணினி வைத்து முப்பத்தெட்டு வருடம் கழித்துக் கண்டுபிடித்ததை, இவள் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். அவள் பேசக் கற்றுக் கொடுத்த குரல். தெரியாமல் போகுமா?

எழுந்து வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் அந்தத் தொடரை அவள் பார்க்கவில்லை. என்னையும் பார்க்க விடவில்லை.

தங்கையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தினமும் சாயந்திரம் கணக்கு வேலை எப்படி இருந்துச்சுன்னு கேப்பனே. தினமும் ஒரு பதில் சொன்னியே. எப்படிடி முடிஞ்சுது உனக்கு?" தங்கை அழுதாள். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் தூரத்து ஊரில் ஒரு இடம் வந்தது, கல்யாணமாகிப் போனாள். கல்யாணத்துக்கு என் மனைவி வந்தாள், சமையலைப் பார்த்தாள், எல்லாரையும் சாப்பிட வைத்தாள், தங்கையிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் பெயரே வீட்டில் எழவில்லை. என்மீது அவளுக்கு அவ்வளவு கோபமில்லை. "நீங்க வந்தவர். அவ என் கையில வளர்ந்தவ" என்றாள்.

கடைசி நாட்களில் என்னையும் மகளையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள். "நான் போனா அவளுக்குச் சொல்லக் கூடாது. வந்து அழுவா. அழறதுக்கு அவளுக்கு உரிமை இல்லை."

இருவரும் சரி என்றோம். சொல்லவில்லை. நான்கு மாதமாகச் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

இன்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்க் குழாய் ரிப்பேர்.

மார்ச் 22, சனி

டாக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பல்லுக்கு என்று போனேன். பல்லுக்கு இல்லை.

கடைசிக் கதையின் கடைசிக் காட்சி. பிள்ளைகள் அப்பாவோடு கரையேறிவிட்டார்கள். ஆமை தண்ணீருக்குள் போகிறது. அதற்கு வசனமே கிடையாது, நீளமாக இசை மட்டும். வாத்தியார் இசையை எடுத்துவிட்டுப் போட்டார்.

அதே பெண் குரல். "மாமா, அக்காகிட்ட சொல்லிடலாம் மாமா. படம் வர்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம். எனக்குப் பயமா இருக்கு." கொஞ்சம் இடைவெளி. "மாமா?" மறுபடி இடைவெளி. "சரி. விடுங்க."

அவ்வளவுதான்.

"என் தியரி போச்சு ஐயா" என்றார் டாக்டர். "அம்மாவா இருந்தா ஆமையை ஏன் மாமான்னு கூப்பிடணும்? இந்தக் கதையில மாமாவே இல்லையே. அதுவும் கொச்சையில பேசறா."

"கடலும் மாமான்னு கூப்பிடாது" என்று வாத்தியார் ஒத்துக்கொண்டார். "குழுவுல ரெண்டு நாளா யாரும் தூங்கல. இது யாரோ நிஜமான ஆளு. யாருகிட்டயோ நிஜமாவே பேசறாங்க. யாரு ஐயா?"

நான் எழுந்து போய் டாக்டருடைய கழுவு தொட்டியில் கையைக் கழுவினேன். கை அழுக்காக இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

எனக்கு ஞாபக சக்தி அதிகம் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அறையில் யார் எங்கே நின்றார்கள், சுவரில் எந்த இடத்தில் ஈரம், எல்லாம் சொல்வேன். இந்தப் பேச்சு மட்டும் என்னிடம் இல்லை. நேற்றிலிருந்து தேடுகிறேன். இல்லை.

இன்று காலை பல் விளக்கும்போது பிடிபட்டது. கடைசிக் காட்சியில் எனக்கு வசனமில்லை. அவள் காதில் சொல்ல எதுவும் இல்லை. வேலை முடிந்தது, இசையையாவது நன்றாகக் கேட்போம் என்று ஹெட்போனை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டேன். நல்ல இசை. கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாரையும் அப்படியே நிற்கச் சொல்லியிருந்தார் சுருட்டு, கூட்டத்தின் மூச்சுச் சத்தம் வேண்டும் என்று. அவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, எப்போதும் சொல்கிற காதில் சொல்லியிருக்கிறாள். திரை வெளிச்சம் என் முகத்தில் மட்டும்தான், காதோரத்து இருட்டில் ஹெட்போன் அவளுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு விழவில்லை. மைக்குக்கு விழுந்திருக்கிறது.

அவள் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவள் என்ன நினைத்திருப்பாள்? மாமா வேண்டாம் என்கிறார் என்றுதான். அதனால்தான் அக்கா கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லிடலாம்னு சொன்னேன் அக்கா, மாமாதான் வேணாம்னார் — இதைச் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லையே. எனக்காகவா? எனக்காகத்தானா?

என் மனைவி மட்டும் கடைசி வாரம் வரை அந்தப் பெட்டிமுன் உட்கார்ந்திருந்தால் இதையும் கேட்டிருப்பாள். அவள் காதுக்கு இசையெல்லாம் ஒரு தடையா.

மார்ச் 24, திங்கள்

பெயிண்ட் அடிப்பவர்கள் வந்தார்கள். மாடிப்படி முழுக்க வாடை. கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 26, புதன்

மகளிடம் சொன்னேன். அவள் கூரியர் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சித்திக்கு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.

"எந்த விஷயம்?"

"அம்மா போனது. அப்புறம் எனக்குக் காது கேக்காம போனது."

"அம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"என்கிட்டயா ஞாபகம் இருக்கான்னு கேக்கற?"

"அப்ப விடுங்க. நானும்தான் சரின்னு சொன்னேன். செத்தவங்களுக்குச் சொன்ன வார்த்தைப்பா."

உயிரோடு இருக்கிறவளுக்கு நான் ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

எனக்கு மனசு பதறவில்லை. அதுதான் எனக்கே பிடிக்கவில்லை. பதறணும்ல? ஒரு மனுஷனுக்குப் பதறணும்ல? பெஞ்சு மாதிரி உக்காந்துட்டு இருக்கேன்.

மார்ச் 28, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். குழுவில் புதுத் தியரியாம். ஆமைக்கு ஒரு மனைவி உண்டு, மனைவிக்கு ஒரு தங்கை உண்டு, அது படத்தில் வெட்டப்பட்ட கதையாம். நன்றாக நெருங்கி வந்திருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

மருமகன் சாப்பிடும்போது, "மாமா, ஒரு விஷயம். இவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன், என்னை அடிச்சாலும் சரி" என்றார்.

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் மகள்.

"இவளுக்கும் சித்திக்கும் எத்தனையோ வருஷமாப் பேச்சு இருக்கு மாமா. ஆபீஸ் நம்பர்ல. அத்தைக்குத் தெரியாம."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட மறைச்சியா?"

"நீங்க மட்டும்?" என்றாள். பிறகு, "முதல்ல சித்திதான் போன் பண்ணாங்க. பேசாம வெச்சுடவா முடியும்? வாரம் தவறாமக் கேப்பாங்க. அக்கா எப்படி இருக்கா, முட்டி வலி எப்படி இருக்கு, இன்னும் பொத்தான் தைக்கறாளா. நான் சொல்லுவேன்."

"இப்ப?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இந்த நாலு மாசமா கேட்டா என்ன சொல்ற?"

"நல்லா இருக்காங்கன்னு சொல்றேன்" என்றாள். உதடு கோணிக்கொண்டு போனது. "என்னப்பா பண்ணச் சொல்றீங்க? சொல்ல மாட்டேன்னு அம்மாவுக்கு வாக்கு, எது ஆனாலும் சொல்றேன்னு சித்திக்கு வாக்கு. போன வாரம் கூட முட்டி வலி தேவலைன்னு சொன்னேன்."

மருமகன் எழுந்து தண்ணீர் கொண்டு வந்தார். ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

நான் கையை நீட்டினேன். மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பரைப் போட்டு, அழைக்காமல், போனை என் கையில் வைத்தாள். சாப்பாட்டுக் கையோடு வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு வேண்டாம் என்று கீழே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

பேசிவிட்டேன்.

முதலில் யாரோ ஒரு வயதான அம்மாள் என்று நினைத்தேன். அவள்தான். அவளுக்கும் வயதாகியிருக்கிறது. நான் "நான்தான்" என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. குரலை ஒரு சொல்லில் பிடித்துவிட்டாள்.

"மாமா." அப்புறம், "அக்கா பக்கத்துல இருக்காளா? குடுங்க மாமா. பேசறேன்னு சொன்னாளா?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. நான் பேசினால் அக்கா பேசச் சொல்லித்தான் பேசுகிறேன் என்று அவள் நினைப்பாள், அது எனக்குத் தோன்றவே இல்லை.

இல்லை என்றேன். இல்லை என்றால் எந்த இல்லை என்று அவளுக்குப் புரியவில்லை. சமையலறையிலா, கடைக்குப் போயிருக்கிறாளா என்றாள். அதற்கும் இல்லை என்றேன். போனில் அவள் பக்கம் ஒரு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"எப்ப?"

சொன்னேன்.

அவள் அழுதாள். வெகுநேரம். நான் போனை இடது காதிலிருந்து எடுக்கவில்லை. அழ உரிமை இல்லை என்று என் மனைவி சொன்னதை நான் சொல்லவில்லை. அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

அழுகை குறைந்ததும் ஹெட்போன் விஷயத்தைச் சொன்னேன். நீ கடைசி நாள் கேட்டது எனக்கு விழவே இல்லை, இரண்டு காதும் மூடியிருந்தது, பத்து நாளைக்கு முன்புதான் முதல் தடவையாகக் கேட்டேன் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நீங்க வேணாம்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "கண்ண மூடிட்டு நின்னீங்க. கோவம் போலன்னு நெனச்சேன். உங்களைக் காட்டிக் குடுத்தா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆகிடும். புள்ள சின்னது. சரி, என்னோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"உனக்குக் கோவமே வரலையா?"

"வந்துச்சு. ஒரு பத்து வருஷம் நல்லாவே வந்துச்சு மாமா. அப்புறம் வீட்டு வேலை வந்துருச்சு."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தேன். அது சிரிப்பில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்தது. மகள் ஓடி வந்தாள். போனை அவள் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

நாளெல்லாம் தூங்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பல் டாக்டரிடமும் வாத்தியாரிடமும் முழுவதும் சொன்னேன். குழுவில் போடலாமா என்று கேட்டார்கள். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன். கேட்டேன். "போடட்டும். ஒளிச்சு வெச்சது போதும்" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

போட்டார்களாம். குழுவில் பாதிப் பேர் நம்பவில்லை. டாக்டர் படித்துக் காட்டினார். ஒருவர் எழுதியிருக்கிறார்: எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரால் அவ்வளவு சுத்தமாகப் பேச முடியாது, இது டாக்டர் தன் தோற்றுப்போன தியரியை மறைக்கக் கட்டிய கதை. இன்னொருவர்: கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கடல் என்பதற்கே ஆதாரம் அதிகம்.

"உங்களுக்கு வருத்தமா ஐயா?" என்றார் டாக்டர்.

இல்லை என்றேன். அந்த அம்மா பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லாமல் ஆமைக்குள் இருக்கட்டும். யாருக்கு என்ன குறை. டாக்டர் பல்லைக் கொஞ்சம் ராவிக் கொடுத்தார். இப்போது கடிக்க முடிகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை ரயிலில் வந்தாள். மருமகன் போய் அழைத்து வந்தார். படியேற அவளுக்கும் முட்டி வலி. அக்காவின் படத்துக்கு முன்னால் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நேரே உள்ளே போய் அக்காவின் கட்டிலில் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன வயதில் அக்காவிடம் அடி வாங்கினால் அப்படித்தான் படுப்பாள். மகள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மதியம் சாப்பிட எழுந்தாள். உப்பு குறைவு என்றாள். மகள் உப்பை எடுத்து வைத்தாள்.

சாயந்திரம் கணக்கு வாத்தியார் போன் செய்தார். நம்புகிறவர்கள் நம்பட்டும், அந்த அறையில் வேலை செய்தவர்கள் எல்லாரையும் நினைவாகச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். டைரக்டர் சுருட்டு, நுரையீரலில் போனார், சுருட்டை விட்டு நான்கு வருடம் கழித்து. வசனம் எழுதிய வெங்காயம், ஸ்கூட்டரில் போகும்போது. படத்து அக்காவுக்கும் தம்பிக்கும் இரண்டுக்கும் பேசிய அம்மாள், கிளி என்போம், போன மழைக்காலத்தில், தூக்கத்தில். சவுண்டுக்காரர், எப்போதும் வாய் திறக்காதவர், அவருக்குப் பெயரே ஊமைதான், எப்போது போனார் என்று கூட யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். டீ கொண்டு வந்த சிங்கப்பல், சர்க்கரை வியாதி. பொன்னுக்கு வீங்கி வந்த நடிகர் கூட இல்லை.

"எல்லாரும் போயாச்சா ஐயா? உங்களைத் தவிர யாருமே இல்லையா?"

இவள் எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்கா பாதி தைத்து வைத்திருந்த சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லி முப்பத்தெட்டு வருடம். அவள் அக்கா வீட்டில் வைத்த பெயர் அது, பள்ளியில் வேறு, கல்யாணப் பத்திரிகையில் வேறு.

"இருக்கா" என்றேன். "பொடிசு."